பிக்கப் டீசல் குடித்தால் இன்ஜினைக் கடைசியாகத் தொடுங்கள்

லோடோடு லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்த டீசல் பிக்கப் 9-க்கு இறங்கினால், 200 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஐந்தரை லிட்டர் கூடுதலாகப் போகும். இன்றைய விலைக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல். ஒரு டிரிப்பில் டீசல், டோல், இறக்குக்கூலி எல்லாம் போக ஓட்டுபவன் கையில் நிற்பதே அவ்வளவுதான். மைலேஜ் குறைந்தால் கூலி இல்லாமல் ஓட்டுகிறோம் என்று அர்த்தம். சொந்த வண்டி வைத்து ஓட்டுகிற எல்லோருக்கும் இது புரியும்.

என் வண்டி 2.5 லிட்டர் டர்போ டீசல், அதாவது காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ உள்ளது. டீசலை ஒரே குழாயில் உயர் அழுத்தத்தில் வைத்துக் கம்ப்யூட்டர் மூலம் பீய்ச்சும் காமன் ரெயில், பி.எஸ்.4 என்ற பழைய புகை விதிக் காலத்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வீடு கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். கேரளாவின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் தமிழ் பேசுகிற ஊர்களில் ஒன்று. பொள்ளாச்சியிலும் ஒட்டன்சத்திரத்திலும் காய்கறி, தேங்காய், இளநீர் ஏற்றிப் பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் போவேன். திரும்பும்போது பெரும்பாலும் காலி வண்டி.

மைலேஜ் இறங்கியதும் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். பாலக்காட்டில் கேட்டால் தமிழ்நாட்டு டீசல் சரியில்லை என்றார்கள். பொள்ளாச்சியில் கேட்டால் கேரளா பங்கில் அளவு குறைவு என்றார்கள். இரண்டையும் நான் நம்பவில்லை. 2020 ஏப்ரல் 1-லிருந்து நாடு முழுக்க ஒரே பி.எஸ்.6 டீசல்தான், கந்தகம் 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) மேல் இருக்கக் கூடாது, அதற்கு முன் 50 வரை அனுமதி இருந்தது. எல்லையில் இருக்கும் கோபாலபுரத்தைத் தாண்டினால் விலைதான் மாறுகிறது. கேரளாவில் 2023 ஏப்ரலிலிருந்து லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் வேறு சேர்ந்திருக்கிறது. அதனால் எங்கள் பக்கத்து வண்டிகள் எல்லாம் தமிழ்நாட்டுப் பங்கில் அடைத்துக்கொண்டுதான் எல்லை தாண்டும். அளவில் சந்தேகம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு பங்கிலும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கேன் இருக்க வேண்டும். கேட்டால் பிடித்துக் காட்டியாக வேண்டும். 25 மில்லிக்குள் வித்தியாசம் இருந்தால் சரி, அதற்கு மேல் போனால் புகார் கொடுக்கலாம். கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை.

ஒரு வொர்க்‌ஷாப்பில் வண்டியை ஸ்டார்ட் செய்து புகையைப் பார்த்த கையோடு சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நான்கு இன்ஜெக்டரையும் மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன தொகைக்கு நான் இரண்டு மாதம் ஓட்ட வேண்டும். வண்டியை அங்கே விடாமல், எங்கள் ஊரில் ஜீப் காலத்திலிருந்து டீசல் வண்டி பார்க்கிற ஒரு அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை.

"தம்பி, ஒம்பது குடுக்குதுன்னு சொல்றியே, எப்படிக் கணக்கு எடுத்தே?"

"நிரப்பி ஓட்டிப் பாத்தனுங்ணா."

"எங்க நிரப்புனே, எவ்வளவு போட்டே, லோடு என்ன, காத்து எப்படி? எல்லாத்தையும் எழுதிட்டு வா. இன்ஜின் எங்கயும் ஓடிப் போயிராது."

அன்றிலிருந்து இந்த வரிசையை நான் விடுவதில்லை. முதலில் கணக்கு, பிறகு சக்கரம், அப்புறம் சூடு, அதற்கப்புறம் இன்ஜினுக்குள் போகும் காற்று, கடைசியில்தான் டீசல் லைனும் இன்ஜெக்டரும். காசு ஆகாத சோதனைகள் எல்லாம் முன்னால் வருகின்றன. ஆயிரக்கணக்கில் இழுக்கிற வேலை பின்னால் போகிறது. பலருக்கு அது வரை போக வேண்டிய தேவையே வராது.

கணக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். டேங்கில் பம்ப் தானாக நிற்கும் வரை நிரப்ப வேண்டும். அதற்கு மேல் தட்டித் தட்டி ஊற்றக் கூடாது. டீசல் நுரைக்கும், நுரை அடங்குவதற்குள் பங்க்காரர் ஒருநாள் நிறுத்துவார், மறுநாள் காத்திருந்து ஊற்றுவார். அடுத்த முறையும் அதே பங்க், முடிந்தால் அதே பம்ப், வண்டி நிற்கிற தரையும் அதே சாய்வு. நிரப்பும் இடத்தில் ஒரு லிட்டர் முன்பின் ஆவது சாதாரணம். 10 லிட்டர் போட்டுக் கணக்கு எடுத்தால் அந்த ஒரு லிட்டரே 10 சதவீதப் பிழை. 40 லிட்டர் எரித்துவிட்டு எடுத்தால் அதே பிழை இரண்டரை சதவீதம்தான். ஐந்நூறுக்குப் போடு, ஆயிரத்துக்குப் போடு என்று போட்டுக்கொண்டே இருந்தால் மைலேஜ் ஒருநாளும் பிடிபடாது.

போகும் வழியை மட்டும் வைத்தும் கணக்கு எடுக்கக் கூடாது. பொள்ளாச்சி கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்குப் பக்கம் உயரத்தில் இருக்கிறது. திருச்சூர் ஏறக்குறைய கடல் மட்டம். போகும்போது மொத்தத்தில் இறக்கம், வரும்போது ஏற்றம். மூன்று டன் எடையை 100 மீட்டர் உயர்த்த எவ்வளவு டீசல் தேவை என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் டீசலில் உள்ள ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்கு வருகிறது என்று வைத்தால், கால் லிட்டர் ஆகிறது. நெல்லியாம்பதி மலை ஏறுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டால் மலை மைலேஜைப் பார்த்து மெக்கானிக்கிடம் ஓட மாட்டார்கள். எப்போதும் போய்வந்த முழுச் சுற்றுக்கே கணக்கு.

அடுத்தது டயர். மீட்டர் காட்டுகிற கிலோமீட்டர் உண்மையானதா என்று பார்க்க வேண்டும். 215/75 ஆர் 15 டயருக்கு வந்த வண்டியில் சிலர் லோடுக்குத் தாங்கும் என்று 7.00 ஆர் 15 போட்டுவிடுகிறார்கள். முதல் டயரின் விட்டம் சுமார் 70 சென்டிமீட்டர், இரண்டாவது அதைவிட நான்கு சென்டிமீட்டர் போல அதிகம். சக்கரம் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகிறது, மீட்டருக்கு அது தெரியாது. ஐந்தாறு சதவீதம் குறைத்தே காட்டும். வண்டி உண்மையில் 12 கொடுத்தாலும் கணக்கில் 11.3-தான் வரும். போனில் ஜிபிஎஸ் போட்டு நான்குவழிச் சாலையில் 20 கிலோமீட்டர் ஓட்டி ஒப்பிட்டால் இது வெளியே வந்துவிடும். என் வண்டியில் மீட்டர் சரியாகவே இருந்தது. மாற்று டயர் போட்ட செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குகிறவர்கள் இதைப் பார்க்காமல் எதையும் தொடக் கூடாது.

இனி வெளியே வீசுகிற காற்று. இந்தப் பக்கத்தில் வண்டி ஓட்டாதவர்களுக்கு இதன் கனம் தெரியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலமான திறப்பு. தென்மேற்குப் பருவக்காற்று மொத்தமும் அதற்குள் புகுந்து கிழக்கே பாய்கிறது. கஞ்சிக்கோட்டிலும் உடுமலை, பல்லடம் பக்கமும் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். ஆனி, ஆடி, ஆவணியில் நாங்கள் லோடோடு போகும் திசை மேற்கு. காற்று நேர் முகத்தில் அடிக்கும்.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். 60-ல் போகிற வண்டிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று இருந்தால், வண்டிக்கு அது 80-ல் போவது போல. தடை ஒன்றே முக்கால் மடங்கு ஆகிவிடும். போகும்போது இழந்ததை வரும்போது பின்காற்று கொடுத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். முழுதாகக் கொடுக்காது. 80-ன் வர்க்கம் 6400, 40-ன் வர்க்கம் 1600, சராசரி 4000. காற்றே இல்லாமல் 60-ல் போனால் 3600. காற்றுத் தடை மட்டும் 11 சதவீதம் கூடுதல், அதுவும் போய்வந்த கணக்கில். போகும்போது கேபினுக்கு மேல் காய்கறிப் பெட்டிகளை அடுக்கி, தார்ப்பாய் தளர்ந்து படபடவென்று அடித்துக்கொண்டு போனால் இன்னும் மோசம்.

ஆகவே ஆடி மாத மைலேஜை மாசி மாத மைலேஜோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை. ஆடியை முந்தின வருஷ ஆடியோடு ஒப்பிட வேண்டும். நான் இப்போது நோட்டில் தேதி, மீட்டர், லிட்டர், லோடு, காற்று என்று ஐந்து கட்டம் போட்டு எழுதுகிறேன். காற்றுக் கட்டத்தில் "பலம்", "சுமார்", "இல்லை" என்று ஒரு சொல் போதும். காற்றுக்காலத்தில் செய்யக்கூடியது மூன்றுதான்: விடிவதற்கு முன்பே கிளம்புவது, வேகத்தை 70-லிருந்து 55-க்குக் கொண்டுவருவது, தார்ப்பாயைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவது. தார்ப்பாய்க்கு ஐந்து நிமிஷம் கூடச் செலவழிப்பதில் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை.

சாலையும் மாறியிருக்கிறது. 2021 ஜூலை கடைசியில் பாலக்காடு–திருச்சூர் சாலையில் குதிரான் சுரங்கப்பாதையின் ஒரு பக்கம் திறந்தபோது, அந்த ஏற்றத்தில் முதல் கியரில் மணிக்கணக்காக நகர்ந்த காலம் முடிந்தது. அதற்கு முன் 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் கோவை–பாலக்காடு எல்லையான வாளையாறில் வணிகவரிச் சோதனைச்சாவடி வரிசை போனது. டீசல் இன்ஜின் சும்மா உறுமிக்கொண்டு நின்றாலே மணிக்கு முக்கால் லிட்டர் போல எரிக்கும். இந்த இரண்டும் மைலேஜுக்குச் செய்த நல்லதை எந்த மெக்கானிக்காலும் செய்திருக்க முடியாது.

இத்தனையும் கழித்த பிறகும் என் வண்டியில் குறை மிச்சம் இருந்தது. நோட்டைப் பார்த்த அண்ணன், "இனி வண்டிகிட்ட போலாம்" என்றார்.

டயர் காற்று முதலில். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் காலி வண்டிக்கு ஒன்று, லோடுக்கு ஒன்று என்று இருக்கும். பின் டயருக்கு லோடில் அதிக அழுத்தம் வேண்டும். எல்லோரும் கண்ணால் பார்த்தே "காத்து இருக்கு" என்பார்கள். இந்த டயர்களின் பக்கச்சுவர் கெட்டி, பாதிக் காற்று இறங்கினாலும் வெளியே தெரியாது. நல்ல கேஜ் ஒன்று சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு பிரேக். என் நஷ்டத்தில் பெரிய பங்கு இங்கே இருந்தது. சமதளத்தில், மெதுவான வேகத்தில், மூன்று டன் வண்டியை உருட்டிக்கொண்டு போகத் தேவைப்படும் தள்ளு சுமார் 30 கிலோ எடையளவுதான். நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் நின்றுபோன லோடு வண்டியை நாலு பேர் தள்ளி ஓரம் கட்டுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இவ்வளவு குறைந்த தடையோடு ஓடுகிற வண்டியில், ஒரு சக்கரத்தில் பிரேக் லைனர் லேசாக உரசி 5 கிலோ அளவுக்கு இழுத்தால்கூட அது ஆறில் ஒரு பங்கு கூடுதல். பிரேக் ஜாம் என்று சொல்லும் அளவுக்கு இருக்காது, சத்தமும் வராது. டீசல் மட்டும் போகும்.

கண்டுபிடிப்பது சுலபம். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டி, கடைசியில் வண்டி தானாக வேகம் குறைந்து நிற்கும்படி ஓரம் கட்டுங்கள். நான்கு சக்கரத்தின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒன்று மட்டும் அனல் வீசினால் அதுதான் ஆள். என் வண்டியில் இடது பின் சக்கரம். ஜாக்கி வைத்துத் தூக்கிச் சுற்றினால் மற்றது தாராளமாகச் சுற்றியது, இது கையை விட்டதும் நின்றது. டிரம்மைக் கழற்றிப் பார்த்ததில் கைப்பிரேக் கேபிள் உறைக்குள் துருப்பிடித்து, கைப்பிரேக்கை இறக்கிய பிறகும் முழுதாகத் திரும்பாமல் இருந்தது. நெம்மாறா, கொல்லங்கோடு பக்கத்து மழையில் வருஷம் முழுக்க நனைகிற வண்டிக்கு இது வரத்தான் செய்யும். கேபிள் மாற்றி, லைனரைச் சுத்தம் செய்து, அட்ஜஸ்டரைச் சரி பண்ணினோம். முன் சக்கரத்தில் டிஸ்க் என்றால் காலிப்பர் பின் கிரீஸ் வற்றி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதில் மைலேஜைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. இழுத்துக்கொண்டே சூடாகிற பிரேக், இறக்கத்தில் தேவைப்படும்போது பிடிக்காது.

முன் சக்கரங்களின் அலைன்மென்ட், வீல் பேரிங் இரண்டையும் அதே நாளில் பார்த்துவிட்டோம். டயரின் கட்டைகளைக் கையால் ஒரு பக்கமாகத் தடவினால் வழவழப்பாகவும் எதிர்ப்பக்கம் தடவினால் ரம்பம் போலவும் இருந்தால் அலைன்மென்ட் போயிருக்கிறது.

அடுத்தது சூடு. எல்லோரும் இன்ஜின் சூடேறினால் பயப்படுகிறோம். சூடேறாமல் இருந்தால் நல்லது என்று நினைத்துக்கொள்கிறோம். டீசல் இன்ஜினுக்கு அது நல்லதே இல்லை. 80 டிகிரிக்கு மேல் தண்ணீர் இருந்தால்தான் அது சரியாக எரிக்கும். குளிராக ஓடினால், இன்ஜின் இன்னும் இளஞ்சூட்டில்தான் இருக்கிறது என்று நினைத்து இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) டீசல் அளவையும் நேரத்தையும் அதற்கேற்ப மாற்றிவிடும். ஆயிலும் கெட்டியாகவே சுற்றும், உரசல் அதிகம். எரியாத கரி, புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்கு அனுப்புகிற இஜிஆர் வால்வில் படியும்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது. மலையில் ஒருமுறை வண்டி சூடேறிவிட்டால், இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற தெர்மோஸ்டாட் வால்வையே கழற்றி எறிந்துவிட்டு மூடிவிடுவார்கள். தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டருக்குச் சுற்றும், இனி சூடேறாது என்பது கணக்கு. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். சூடேறியதற்குக் காரணம் அடைத்த ரேடியேட்டரோ, தளர்ந்த பெல்ட்டோ, தேய்ந்த வாட்டர் பம்போ. அது அப்படியே இருக்கிறது. சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் பைபாஸ் வழி திறந்தே இருக்கும். தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றி வந்து, ஏற்றத்தில் வண்டி முன்பைவிட அதிகமாகவே சூடேறும்.

என் வண்டியில் டாஷ்போர்டு முள் நடுவுக்குக் கீழேயே நிற்கும். அண்ணன் சொன்ன சோதனைக்கு ஒரு கருவியும் வேண்டாம். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டருக்கு மேலே போகிற ஹோஸில் கையை வைத்துக்கொள்ளுங்கள், ஃபேனும் பெல்ட்டும் பக்கத்தில் சுற்றுகின்றன, கவனம். வால்வு நன்றாக இருந்தால் ஹோஸ் வெகுநேரம் குளிர்ச்சியாக இருந்துவிட்டு, வால்வு திறந்த கணத்தில் சட்டென்று சூடாகும். ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறிக்கொண்டு வந்தால் வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது உள்ளே இல்லை. என்னுடையது கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறியது. ஸ்கேனர் போட்டுப் பார்த்ததில் சமதளத்தில் தண்ணீர் 60-ஐ ஒட்டியே நின்றது. ஹவுசிங்கைத் திறந்தால் உள்ளே வால்வே இல்லை. முன்னால் வைத்திருந்தவர் கையில் நடந்த வேலை.

புது வால்வை மாட்டுவதற்கு முன் அண்ணன் அதை நூலில் கட்டி, அடுப்பில் வைத்த பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டுத் தெர்மாமீட்டர் வைத்துக் காட்டினார். வால்வில் 82 என்று அச்சடித்திருந்தது, அதே சூட்டுக்குப் பக்கத்தில் திறக்க ஆரம்பித்தது. விலை சில நூறு ரூபாய். கூடவே ரேடியேட்டரை அலசி, வெறும் தண்ணீரை எடுத்துவிட்டுச் சரியான கலவையில் கூலன்ட் ஊற்றினோம். பிரேக்கும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்து, இழந்ததில் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டது.

ஃபேனையும் அப்போதே பாருங்கள். விஸ்கஸ் கப்ளிங் (சூட்டுக்கு ஏற்ப ஃபேனைப் பிடித்து விடுகிற இணைப்பு) உள்ள வண்டியில் அது இறுகிப்போனால் ஃபேன் எந்நேரமும் முழு வேகத்தில் சுற்றி, இன்ஜின் வலுவைத் தின்னும். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் எப்போதும் சூறாவளி போல் இரைச்சல் வந்தால் சந்தேகப்படலாம். கிளட்ச் நழுவுகிறதா என்பது ஏற்றத்தில் தெரியும்: நான்காவது கியரில் அழுத்தி மிதித்தால் இன்ஜின் சத்தம் ஏறும், வண்டி ஏறாது.

காற்று வழியில் முதலில் ஏர் ஃபில்டர். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார் மில்களைச் சுற்றி ஓடுகிற வண்டிக்கு, புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வரை ஃபில்டர் தாங்காது. நார்த் தூசி அப்பிக்கிடக்கும். அதைத் தரையில் தட்டவும் கூடாது, கம்ப்ரஸரை ஒட்டவைத்து ஊதவும் கூடாது. காகிதத்தில் சின்னக் கிழிசல் விழுந்தால் தூசி நேராக டர்போவுக்குப் போகும். மாற்றுவதே மலிவு.

அதைவிட முக்கியம், டர்போவிலிருந்து அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் அங்கிருந்து இன்ஜினுக்கும் போகிற ரப்பர் ஹோஸ்கள். எனக்கு ஏற்றத்தில் கறுப்புப் புகை தள்ளிக்கொண்டிருந்தது. கறுப்புப் புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை என்று பொருள். டீசல் அதிகமாகப் போனாலும் வரும், காற்று குறைந்தாலும் வரும். இன்ஜெக்டர் மாற்றச் சொன்னவர்கள் முதல் பாதியை மட்டும் பார்த்தார்கள். கீழ் ஹோஸின் கிளாம்புக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கு கோடு போல வழிந்திருந்தது. டர்போக் காற்றோடு வருகிற ஆயில் ஆவி கசிகிற இடத்தில்தான் இப்படிக் காட்டிக்கொடுக்கும். ஹோஸை வளைத்துப் பார்த்தால் அடிப்பக்கம் வெடிப்பு. வண்டி நிற்கும்போது அந்த வெடிப்பு மூடியே இருக்கும். லோடோடு அழுத்தும்போதுதான் வாய் திறக்கும். அதனால் நின்ற இடத்தில் ரேஸ் பண்ணிப் பார்த்துவிட்டு "கசிவு இல்லை" என்று சொல்வதை ஏற்காதீர்கள். வழியை அடைத்து, குறைந்த அழுத்தத்தில் காற்று கொடுத்து, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும். ஹோஸ் மாற்றியதும் ஏற்றத்தில் இழுவை திரும்பியது, புகையும் போனது. மேட்டில் ஒரு கியர் குறைக்க வேண்டிய இடங்களில் இப்போது அதே கியரில் ஏறுகிறது.

ஓட்டும் விதத்தைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும், அதைச் சொல்லாமல் விட மனசு வராது. இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறார்கள்; சிலர் இன்ஜினையே அணைத்துவிடுகிறார்கள். காமன் ரெயில் வண்டியில் கியரில் வைத்துக் காலை எடுத்துவிட்டால், சக்கரமே இன்ஜினைச் சுற்றுவதால் இசியூ டீசலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் எரித்தாக வேண்டும். அதாவது நியூட்ரலில் டீசல் கூடத்தான் போகிறது. இன்ஜினை அணைத்தால் பிரேக் பூஸ்டருக்கு வாக்குவம் கிடைக்காது, பவர் ஸ்டியரிங் இறுகும். இரண்டு மிதியில் பிரேக் கல்லாகிவிடும். ஆழியாறுக்கு மேலே வால்பாறைச் சாலையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் லோடு வண்டியை அப்படி இறக்குகிற தம்பிகளைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. ஏறின கியரிலேயே இறங்குங்கள். டீசலும் மிச்சம், உயிரும் மிச்சம்.

டீசல் பைப்பில் மாட்டுகிற காந்தம், டேங்கில் ஊற்றுகிற மைலேஜ் திரவம், சிப் இவற்றுக்கெல்லாம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். அந்தக் காசுக்கு டீசல் ஃபில்டர் மாற்றுங்கள், வாட்டர் செப்பரேட்டரில் தேங்கிய தண்ணீரை மழைக்காலத்தில் அடிக்கடி திறந்துவிடுங்கள். டேங்கிலிருந்து இன்ஜின் வரை போகிற லைனிலும் ரிட்டர்ன் பைப்பிலும் ஈரம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சேஸிஸில் தூசி ஒட்டிக் கறுத்த ஈரத் திட்டு இருந்தால் அங்கே டீசல் கசிகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் குறை இருந்தால் இன்ஜெக்டருக்குப் போகலாம். அப்போதும் நான்கையும் ஒரேயடியாக மாற்றச் சம்மதிக்காதீர்கள். லீக்‌-பேக் சோதனை செய்யச் சொல்லுங்கள். நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் முனையிலும் ஒரே அளவுப் பாட்டில்களை மாட்டி, இன்ஜினைச் சில நிமிஷம் ஓடவிட்டால், எது அதிகமாக டீசலைத் திருப்பி அனுப்புகிறது என்று கண்ணுக்கு முன்னால் தெரியும். ஸ்கேனரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இசியூ எவ்வளவு கூட்டிக் குறைத்துக் கொடுக்கிறது என்றும் பார்க்கலாம். இரண்டும் ஒரே சிலிண்டரைக் காட்டினால் அதை மட்டும் கழற்றி பெஞ்சில் வைத்துச் சோதிக்கலாம். என் வண்டியில் நான்கு பாட்டிலும் ஏறக்குறைய சமமாக நிறைந்தன. பழைய இன்ஜெக்டர்களே இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன, நோட்டில் லோடோடு 12-க்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது, ஆடியில் 11.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்று வந்தால், இன்ஜெக்டரின் தலையில் எழுத்தும் எண்ணுமாகப் பொறித்திருக்கும் குறியீட்டை (code) அந்தந்தச் சிலிண்டருக்கு இசியூவில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் புது இன்ஜெக்டர் போட்டும் வண்டி தட்டும், புகைக்கும், மைலேஜும் வராது. கழற்றும்போது அடியில் இருக்கும் செம்பு வாஷரைப் புதிதாகப் போட வேண்டும். எந்தச் சிலிண்டருக்கு எந்தக் குறியீடு ஏற்றினார்கள் என்று பில்லிலேயே எழுதி வாங்கி, ஆர்.சி. புத்தகம் இருக்கும் கவரில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை எந்த ஊரில் வண்டி நின்றாலும் அங்கே இருக்கிற மெக்கானிக்குக் காட்ட அது வேண்டியிருக்கும்.